பூலெஸ் கண்டக்ட் பண்ணா அவ்ளோ தெளிவு, அவரே எழுதினது மட்டும் ஏன் உள்ள போக மாட்டேங்குது?

சாயங்கால_ரேடியோ:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிங்க.

நான் வெஸ்டர்ன் க்ளாசிக்கல் கேக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. டெபுஸியோட லா மேர், ராவேலோட டாஃப்னிஸ், ஸ்ட்ராவின்ஸ்கியோட ரைட் ஆஃப் ஸ்ப்ரிங் இதெல்லாம் வேற வேற ஆளுங்க கண்டக்ட் பண்ண, அதாவது முன்னாடி நின்னு ஆர்கெஸ்ட்ராவை நடத்தின ரெக்கார்டிங்ல மாத்தி மாத்தி கேட்டேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குப் பிடிச்சுப் போய் கவர்ல பேர் பாத்தா அதே ஆளு, பியர் பூலெஸ். க்ளீவ்லேண்ட் ஆர்கெஸ்ட்ராவோட அவர் பண்ண லா மேர்ல பின்னாடி ஹார்ப் வாசிக்கறது, அதுக்கும் பின்னாடி செல்லோ எல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு வாசிக்கறது, எல்லாமே தனித்தனியா காதுல விழுது. கலங்கின குளம் தெளிஞ்சு அடில கிடக்கற கல்லு தெரியற மாதிரி ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் தெரிஞ்சுது அவர் மொதல்ல கம்போசராம், கண்டக்டர் வேலை எல்லாம் பின்னாடி வந்ததாம். ஆஹா இவ்ளோ அழகா வாசிக்க வைக்கறவர் எழுதினா எப்படி இருக்கும்னு ஆசையா தேடினேன், முதல்ல கிடைச்சது ரெண்டாவது பியானோ சொனாட்டா. போட்டேன். அஞ்சு நிமிஷம் தாண்ட முடியலங்க. எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியல, யாரோ கோவமா பியானோவை உதறின மாதிரி இருந்துச்சு. நான் குறை சொல்ல வரல, எனக்குத்தான் ஏதோ பிடிபடலன்னு நினைக்கறேன், ஏன்னா இவ்ளோ நுணுக்கமான காது இருக்கறவர் சும்மா எதையும் எழுதியிருக்க மாட்டாரு.

அதனால என் கேள்வி இதுதான். ரெண்டும் ஒரே ஆளா எப்படி இருக்க முடியுது? அவரோட வாழ்க்கை எப்படி, யாருகிட்ட கத்துக்கிட்டாரு? ஆபெரா ஹவுஸ், அதாவது பாட்டாலயே நடத்தற நாடகத்துக்கான அரங்கம், எல்லாத்தையும் குண்டு வெச்சுத் தகர்க்கணும்னு சொன்னாருன்னு ஒரு இடத்துல படிச்சேன், அது நிஜமா? என்னை மாதிரி ஆளு எதைக் கேட்டு உள்ள நுழையறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஹெட்போனோட காத்திருக்கேன்.


கமலா_வயலின்:

தம்பி, நல்ல கேள்வி, ஆனா நீங்க நுழைஞ்ச கதவுதான் தப்பு. அந்த ரெண்டாவது சொனாட்டா அவர் 23 வயசுல, 1948ல முடிச்சது. சொனாட்டாங்கற பழைய வாத்திய இசை வடிவத்தையே உள்ள போய் உடைக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு எழுதினது, உங்களுக்கு கோவம் கேட்டுச்சுன்னா சரியாத்தான் கேட்டிருக்கீங்க.

வாழ்க்கையைச் சொல்றேன், அப்பதான் அந்தக் கோவம் எங்கேருந்து வந்துச்சுன்னு புரியும். 1925 மார்ச் 26, ஃப்ரான்ஸ்ல லுவார் பக்கத்துல மோன்ப்ரிசோன்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தாரு. அப்பா இரும்பாலைல இன்ஜினியர், புள்ளையும் இன்ஜினியர் ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு, பையனுக்கும் கணக்கு நல்லாவே வந்துச்சு, லியோன்ல அதுக்கான படிப்புலயும் சேர்ந்தாரு. ஆனா மனசு பியானோல. அக்கா ஜான் இவர் பக்கம் நின்னு அப்பாகிட்ட பேச, 1943ல, ஜெர்மன்காரன் பாரிஸை பிடிச்சு வெச்சிருந்த காலத்துல, பாரிஸுக்கு வந்துட்டாரு.

அங்க கன்சர்வத்வார்ங்கற இசைக் கல்லூரில ஒலிவியே மெஸ்ஸியான்ங்கற கம்போசரோட வகுப்பு. இந்த இடத்தை நம்மாளுங்க கவனிக்கணும். மெஸ்ஸியான் தாளத்துக்காக 13ம் நூற்றாண்டு சார்ங்கதேவரோட சங்கீத ரத்னாகரத்துல இருக்கற 120 தேசி தாளப் பட்டியலை ஒரு ஃப்ரெஞ்ச் கலைக்களஞ்சியத்துல பாத்து எடுத்து தன் இசைல பயன்படுத்தினவரு. ஸ்கோர்ல தாளத்தைச் சம பங்கா பிரிக்கற பார் கோட்டுக்குள்ள அடங்காத தாளம், சின்னச் சின்ன அளவுகளைக் கூட்டிக் கூட்டிக் கட்டற தாளம், இதெல்லாம் பூலெஸ் அவர்கிட்டதான் கத்துக்கிட்டாரு. அப்புறம் ரெனே லைபோவிட்ஸ்னு ஒருத்தர்கிட்ட ஷேன்பெர்க்ங்கற கம்போசரோட பன்னிரண்டு ஸ்வர முறை. அதாவது ஒரு ஸ்தாயில இருக்கற 12 ஸ்வரத்தையும் ஒரு வரிசைல வெச்சு, அந்த வரிசைலேருந்தே மொத்த இசையையும் கட்டறது, எந்த ஸ்வரத்துக்கும் ராஜா பதவி கிடையாது, நம்ம ஆதார ஷட்ஜம் மாதிரி ஒண்ணு இல்லவே இல்ல. கொஞ்ச நாள்ல லைபோவிட்ஸ் கூடயும் சண்டை போட்டுட்டு வெளிய வந்துட்டாரு.

இருபது வயசுல ஒரு பையன், போர் முடிஞ்ச நேரம், ஐரோப்பா பூரா இடிஞ்சு கிடக்கு, பழைய அழகான இசை எதுவும் அந்தக் கொலைகளைத் தடுக்கலையேங்கற நினைப்பு அந்த தலைமுறைக்கே இருந்துச்சு. எல்லாத்தையும் முதல்லேருந்து கட்டணும்னு கிளம்பினாங்க. பூலெஸ் 1952ல ஸ்ட்ரக்ச்சர்ஸ்னு ரெண்டு பியானோவுக்கு எழுதினாரு, அதுல ஸ்வரம் மட்டும் இல்ல, ஒவ்வொரு நோட்டும் எவ்ளோ நேரம் நிக்கணும், எவ்ளோ சத்தமா, எப்படித் தொட்டு வாசிக்கணும்னு எல்லாமே வரிசைப்படி. வரிசையையும் அவர் சொந்தமா எடுத்துக்கல, மெஸ்ஸியானோட ஒரு பியானோ பீஸ்லேருந்து எடுத்தாரு. பால் க்ளேயோட ஒரு ஓவியம் இருக்கு, விளையற நிலத்தோட எல்லையில்னு அர்த்தம் வர்ற தலைப்பு, அந்தப் பேரையே முதல் பகுதிக்கு வைக்கலாமான்னு யோசிச்சாராம். அந்தப் பக்கம் இனி எதுவும் முளைக்காதுங்கற இடம் வரைக்கும் போய்ப் பாத்தாருன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு இந்த விஷயம் தெரிஞ்ச அப்புறம்தான் அவர் மேல நம்பிக்கை வந்துச்சு.

அங்கேருந்து திரும்பி வந்து எழுதினதுதான் ல மார்த்தோ சான் மேத்ர், எஜமானன் இல்லாத சுத்தியல்னு அர்த்தம், ரெனே ஷார்ங்கற ஃப்ரெஞ்ச் கவிஞரோட கவிதைகள், 1955 ஜூன்ல ஜெர்மனில பாடன்-பாடன்ல முதல் கச்சேரி. அதுல விதி எல்லாம் அடில இருக்கு ஆனா மேல கேக்கறது வெறும் நிறம். அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

கண்டக்டர் ஆனது ஒரு விதத்துல வேற வழி இல்லாமதான். 1946ல ரெனோ-பாரோ நாடகக் குழுல ஓந்த் மார்த்தனோங்கற எலக்ட்ரானிக் கருவி வாசிக்கப் போனவரு, அங்கயே மியூசிக் டைரக்டர் ஆகி பத்து வருஷம் நாடகத்துக்கு இசை நடத்தினாரு, தென் அமெரிக்கா டூர் எல்லாம் போனாரு. 1954ல அதே குழுவோட ஆதரவுல புது இசைக்குன்னு கச்சேரித் தொடர் ஆரம்பிச்சாரு, அதான் டொமேன் ம்யூசிகால். புது இசையை நடத்தத் தெரிஞ்ச ஆளு ரொம்பக் குறைவு, அதனால தானே கையைத் தூக்கினாரு. குச்சி கூட பிடிக்க மாட்டாரு, வெறும் விரல்தான். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, ரெண்டும் ஒரே ஆளா எப்படின்னு. லா மேர்ல நீங்க கேட்ட அந்தத் தெளிவு இருக்கே, அது ஒரு கம்போசர் இன்னொரு கம்போசரோட ஸ்கோரைப் பிரிச்சுப் பாத்து எப்படிக் கட்டியிருக்கான்னு கண்டுபிடிச்ச தெளிவு. அதே காதுதான் எழுதவும் செய்யுது. நீங்க டெபுஸில கேட்டு ரசிச்ச அந்த ஹார்ப் சத்தம் அடங்கற விதம், அதையே ஒரு மனுஷன் நாப்பது நிமிஷத்துக்கு எழுதினா என்ன வரும்னு யோசிங்க. அதான் அவரோட பிற்கால இசை. ரெண்டாவது சொனாட்டாவை அப்புறம் பாத்துக்கலாம்.


நடுநிசி_ஸ்ருதி:

அக்கா சொன்னதுக்கு மேல வாழ்க்கை பத்தி நான் சொல்ல எதுவும் இல்ல, கேக்கற வரிசையை மட்டும் சொல்றேன் ப்ரோ, நான் இப்படித்தான் போனேன், எனக்கு வேலை செஞ்சுது.

முதல்ல நோத்தாஸியோன். 1945ல, இருபது வயசுல பியானோவுக்கு எழுதின 12 குட்டி பீஸ், ஒவ்வொண்ணும் சரியா 12 பார், அதாவது 12 தாளப் பங்கு, சிலது ஒரு நிமிஷம் கூட வராது. அதை மட்டும் மூணு நாள் திரும்பத் திரும்பக் கேளுங்க. மனசுல உக்காந்த அப்புறம் ஆர்கெஸ்ட்ரா வடிவத்தைப் போடுங்க. 1970கள் கடைசில, ஜெர்மனில பைரோய்ட்ல வாக்னரோட ரிங்ங்கற நாலு ஆபெரா தொடரை நடத்திக்கிட்டு இருந்த வருஷங்கள்ல, முப்பது வருஷம் முன்னாடி எழுதின அந்த துணுக்குகளை எடுத்து பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுத ஆரம்பிச்சாரு. முதல் நாலு 1980ல பாரிஸ்ல பேரன்போய்ம்ங்கற கண்டக்டர் நடத்தினாரு, ஏழாவது 1999ல சிகாகோல வந்துச்சு, மத்ததெல்லாம் அப்படியே நின்னு போச்சு. இதுல முக்கியமானது என்னன்னா இது ஆர்கெஸ்ட்ரேஷன் இல்ல, வளர்த்தல். ஒரு விதையைப் போட்டு அது எங்கெல்லாம் கிளை விடும்னு பாக்கற மாதிரி, பியானோல ஒரு நிமிஷம் வர்ற ஏழாவது பீஸ் ஆர்கெஸ்ட்ரால பல நிமிஷம் விரிஞ்சு போகும். ரெண்டாவது பீஸைக் கடைசில கேளுங்க, கச்சேரிலயும் அப்படித்தான் வழக்கமா வைப்பாங்க, காட்டாறு மாதிரி வேகம், உடம்பு சிலிர்க்கும்.

அடுத்து மெஸாஜெஸ்கீஸ், ஒரு சோலோ செல்லோ, ஆறு துணை செல்லோ, மொத்தமே எட்டு நிமிஷம் மாதிரிதான். பால் சாக்கர்னு ஸ்விஸ் கண்டக்டர், புது இசைக்கு வாரி வாரி குடுத்தவரு, அவரோட 70வது பிறந்தநாளுக்கு 1976ல எழுதினது. அவர் பேர்ல இருக்கற ஆறு எழுத்தை ஆறு ஸ்வரமா மாத்தி அதுலேருந்தே மொத்த பீஸும், அந்தப் பேரோட மோர்ஸ் கோட் கூட தாளத்துல வருது. இதெல்லாம் தெரியாம கேட்டாலும் பரவாயில்ல, ஆரம்பத்துல சோலோ செல்லோ வாசிக்கற ஸ்வரத்தை மத்த ஆறும் ஒண்ணொண்ணா பிடிச்சு நிறுத்தி வைக்கும், அப்புறம் திடீர்னு ஏழும் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும் பாருங்க.

மூணாவது ரித்யுவெல். நண்பர் ப்ரூனோ மதெர்னா, இத்தாலிய கம்போசர், 1973ல இறந்துட்டாரு, அவர் நினைவா எழுதினது, 1975ல லண்டன்ல முதல் தடவை. ஆர்கெஸ்ட்ராவை எட்டுக் கூட்டமா பிரிச்சு மேடைல தள்ளித் தள்ளி உக்கார வெச்சிருப்பாங்க, ஒரு கூட்டத்துல ஓபோங்கற ஊதுகருவி ஒண்ணே ஒண்ணு, இன்னொண்ணுல 14 பித்தளைக் கருவி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தாள வாத்தியக்காரர் துணை. சில பகுதில கண்டக்டர் எல்லாரையும் சேர்த்து நடத்துவாரு, சில பகுதில ஒவ்வொரு கூட்டமும் தன்னோட தாளக்காரரை மட்டும் பாத்துக்கிட்டு தன் போக்குல போகும். காங்ங்கற பெரிய உலோகத் தட்டோட சத்தம், நடை, திரும்பத் திரும்ப வர்ற ஒரே வாக்கியம். இறுதி ஊர்வலம் ஒண்ணு தெருவுல போறதைத் திண்ணைல உக்காந்து பாக்கற மாதிரி இருக்கும் எனக்கு. பூலெஸுக்கு உணர்ச்சி இல்ல, எல்லாம் கணக்குன்னு சொல்றவங்ககிட்ட நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

இதெல்லாம் முடிச்சிட்டு சூர் அன்சீஸ். 3 பியானோ, 3 ஹார்ப், 3 தாள வாத்தியக்காரங்க. நாப்பது நிமிஷம் கிட்ட. இதுக்குத்தான் 2001ல கம்போசர்களுக்குக் குடுக்கற க்ராவமேயர் பரிசு. இது மட்டும் நல்ல ஹெட்போன்ல, லைட் அணைச்சிட்டு.


தெற்குத்தெரு_சிவா:

எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா ஒரு பக்கம் மட்டும் சொல்றதா எனக்குப் படுது, கோச்சுக்காதீங்க. பூலெஸ் இசை எனக்கும் பிடிக்கும், அதுக்காக அவர் பண்ணதை எல்லாம் ஏத்துக்க முடியாது.

பன்னிரண்டு ஸ்வர முறையோட அவசியத்தை உணராத இசைக்காரன் எல்லாம் பிரயோஜனம் இல்லாதவன்னு 1952ல எழுதினவரு அவரு. அதே வருஷம் ஷேன்பெர்க் செத்த சூடு ஆறறதுக்குள்ள, ஷேன்பெர்க் செத்துட்டார்னு தலைப்பு வெச்சு, அவர் பாதி வழிலயே நின்னுட்டார்னு கட்டுரை. 1945ல ஸ்ட்ராவின்ஸ்கி கச்சேரில கூட்டமா போய் கூச்சல் போட்டு கலாட்டா பண்ண மாணவர் கூட்டத்துலயும் இருந்தாரு. சின்ன வயசு வேகம்னு விடலாம், ஆனா 1966ல மால்ரோ கலாச்சார மந்திரியா இருந்தப்ப மார்செல் லாந்தோவ்ஸ்கிங்கற கம்போசரை இசைத் துறைக்குத் தலைவரா போட்டாங்கன்னு, ஃப்ரெஞ்ச் அரசாங்கத்தோட இசை நிறுவனங்கள்ல இனி வேலையே செய்ய மாட்டேன்னு பத்திரிகைல எழுதிட்டு விலகினாரு. அந்த லாந்தோவ்ஸ்கிதான் அடுத்த வருஷமே ஆர்கெஸ்ட்ரா த பாரி உருவாகக் காரணமா இருந்தவரு, வெளியூர்கள்ல எல்லாம் கன்சர்வத்வார் வரணும்னு உழைச்சவரு. அவர் பழைய பாணில கம்போஸ் பண்ணாருங்கறதுதான் பூலெஸ் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் பூலெஸுக்கே அரசாங்கம் பெரிய பெரிய பணத்துல நிறுவனம் கட்டிக் குடுத்துச்சு. அந்த நேரத்துல மெலடியோட எழுதின எத்தனையோ ஃப்ரெஞ்ச் கம்போசருங்க பழம்பஞ்சாங்கம்னு ஒதுக்கப்பட்டாங்க, வாழ்நாள் பூரா கவனம் கிடைக்காமயே போனவங்க இருக்காங்க. ஒரு ஆளோட காது எவ்ளோ நுணுக்கமா இருந்தாலும், ஒரு நாட்டோட இசையே அந்த ஒரு காது வழியா போகணும்னு ஆச்சுன்னா அது நல்லதில்லைங்க. புதுசா வர்ற தம்பிக்கு இதையும் சேர்த்துச் சொல்லணும்னு தோணுச்சு.


கமலா_வயலின்:

சிவா, நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை கூட நான் மறுக்க மாட்டேன், அந்த வார்த்தைகள் நிறைய பேரைக் காயப்படுத்துச்சு, அது உண்மை. நான் சேர்க்க விரும்பறது அவர் அங்கயே நிக்கலைங்கறது மட்டும்தான்.

ஸ்ட்ராவின்ஸ்கிக்கு கூச்சல் போட்ட அதே பாரிஸ் அரங்கம் தேயாத்ர் தே ஷாஞ்செலிசேல, ரைட் ஆஃப் ஸ்ப்ரிங் அரங்கேறி 50 வருஷம் ஆனதுக்கு 1963ல அதை நடத்தினதே பூலெஸ்தான். மெஸ்ஸியான் எழுதினதைப் பத்தி இளவயசுல ரொம்ப மோசமாப் பேசினவரு, பின்னாடி அதே குருவோட செத் ஹைகாயை 1963லயும், கூலர் த லா சிதே செலெஸ்தை 1964லயும் முதல் முதலா அரங்கேத்தினாரு. ஷேன்பெர்கோட இசையை அவர் அளவுக்கு ரெக்கார்ட் பண்ண கண்டக்டரும் குறைவு. பேசின வாயும் அதுதான், திருத்திக்கிட்ட கையும் அதுதான்.

தம்பி கேட்ட ஆபெரா ஹவுஸ் விஷயமும் இங்க வருது. 1967ல டேர் ஷ்பீகல்ங்கற ஜெர்மன் பத்திரிகைப் பேட்டில சொன்னது நிஜம்தான், ஆபெராவோட பிரச்சனைக்கு ரொம்ப செலவாகற வழி ஆனா நேர்த்தியான வழி அதுதான்ங்கற மாதிரி சொன்னாரு. பழைய தூசி படிஞ்ச நிர்வாகம், நேத்து வெச்ச சாம்பாரையே சூடு பண்ணிப் பரிமாறற நிகழ்ச்சி, இது மேல இருந்த வெறுப்புதான் அந்தப் பேச்சு. 2001ல பாசல் நகரத்துல அந்தப் பழைய பேச்சுக்காக ஸ்விஸ் போலீஸ் ஹோட்டலுக்கே வந்து கொஞ்ச நேரம் அவர் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்க, அப்ப அவருக்கு 76 வயசு.

ஆனா அதே ஆளு தான் 1976ல பைரோய்ட்ல ரிங் நூற்றாண்டு நிகழ்ச்சியை மேடை டைரக்டர் பாத்ரிஸ் ஷெரோ கூட சேர்ந்து பண்ணாரு. முதல் வருஷம் ஒரே கூச்சல், விசில், ஜனங்க சண்டையே போட்டாங்க, மேடைல தொழிற்சாலைக் காலத்து உடை, அணைக்கட்டு எல்லாம் வெச்சிருந்தாங்க, ஆர்கெஸ்ட்ரால வழக்கமான கனமான சத்தத்துக்குப் பதிலா மெலிஞ்ச, வேகமான, உள்ளுக்குள்ள தெரியற சத்தம். அஞ்சு வருஷம் பிடிவாதமா நின்னாங்க. 1980ல கடைசி நாள் கைதட்டல் 85 நிமிஷம் நிக்கலையாம், 101 தடவை திரையைத் தூக்கினாங்களாம். அதுக்கு நடுவுல 1979ல பாரிஸ் ஆபெரால ஆல்பன் பெர்கோட லூலுங்கற ஆபெராவை முதல் தடவையா மூணு அங்கமும் முழுசா நடத்தினாரு. ஆபெராவை வெறுக்கறவர் செய்யற வேலை இல்ல இது.

1971லேருந்து நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், அதே சமயம் லண்டன்ல பிபிசி சிம்ஃபனி, ரெண்டு ஆர்கெஸ்ட்ராவையும் ஒண்ணாப் பாத்தாரு. நியூயார்க்ல ஹால்ல இருந்த நாற்காலி எல்லாம் எடுத்துட்டு தரைல ஜமக்காளம் விரிச்சு இளைஞர்களை உக்கார வெச்சு கச்சேரி பண்ணாரு, ரக் கான்சர்ட்னு பேரு. பழசையும் புதுசையும் ஒரே ராத்திரில வாசிப்பாங்க. மேட்டிமையான ஆளுன்னு சொல்றவங்க இந்தப் பக்கத்தையும் பாக்கணும்.

சிவா சொன்ன பணம், அதிகாரம் விஷயத்துல மட்டும் எனக்கு இன்னிக்கும் முடிவான பதில் இல்ல. அந்த நிறுவனங்களால வளர்ந்தவங்களும் நிறைய பேரு, வெளிய நின்னவங்களும் நிறைய பேரு.


லாஷாபெல்_வாசி:

நான் பாரிஸில இருக்கிறன், கன வருசமா. இந்தத் திரியைப் பாத்தாப் பிறகு எழுதாமல் இருக்க முடியேல்ல.

அரசாங்கம் கட்டிக் குடுத்தது எண்டு சிவா சொன்ன அந்த நிறுவனம் இர்காம் எண்ட இசை ஆராய்ச்சி நிலையம், பொம்பிடு சென்டர் எண்ட கலை மையத்துக்குப் பக்கத்திலதான் இருக்கு. ஜனாதிபதி பொம்பிடுவே 1970இல பூலெஸைத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டு, 1977இல திறந்தது, தொண்ணூறுகளின்ர தொடக்கம் வரைக்கும் அவர்தான் தலைவர். வெளியில நிண்டு பாத்தா ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றும் அதில சுத்திற கலர் கலர் பொம்மைகளும்தான் தெரியும், பெரும்பகுதி உங்கட காலுக்குக் கீழ நிலத்துக்குள்ள இருக்கு. அங்க ஒரு மண்டபம் இருக்கு, சுவரில இருக்கிற பலகையள் சுழலும், கூரையும் ஏறி இறங்கும், எதிரொலி எவ்வளவு நேரம் நிக்க வேணும் எண்டு ஒவ்வொரு இசைக்கும் மாத்திக்கொள்ளலாம். சத்தம் அடங்கிற விதத்தில இந்த மனுசனுக்கு இருந்த அக்கறை கட்டிடமாவே நிக்குது எண்டு எனக்குத் தோன்றும். 1976இல அவர் தொடங்கின ஆன்சாம்ப்ல் ஆந்தேர்கோன்தம்பொரான் எண்ட 31 பேர் குழுவும் இண்டைக்கு வரைக்கும் வாசிச்சுக்கொண்டுதான் இருக்கு.

இர்காமுக்காக அவர் எழுதினது ரெபோன். 1981இல ஜெர்மனியில டொனாவ்எஷிங்கன் எண்ட ஊரில முதல் வடிவம். நடுவில 24 பேர் குழு, அவையைச் சுத்தி சனம், சனத்தைச் சுத்தி ஆறு தனி வாத்தியக்காரர், ரெண்டு பியானோ, ஹார்ப், தந்தியை அடிச்சு வாசிக்கிற சிம்பலம், உலோகப் பட்டையளை அடிச்சு வாசிக்கிற வைப்ரஃபோன், மரப் பட்டையளை அடிச்சு வாசிக்கிற சைலஃபோன் எல்லாம். முதல் கொஞ்ச நிமிசம் நடுக்குழு மட்டும்தான் வாசிக்கும். பிறகு ஆறு பேரும் ஒரே நேரத்தில ஒரு பெரிய கோர்டை, அதாவது கன ஸ்வரங்களை ஒண்டா, அள்ளி வீச, அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டர் பிடிச்சு உருமாத்தி ஸ்பீக்கர் வழியா மண்டபம் முழுக்கச் சுத்தவிடும். அதுக்கெண்டே இர்காமில 4எக்ஸ் எண்டு ஒரு மெஷின் செய்தவை. ரெபோன் எண்டால் மறுமொழி, தேவாலயத்தில ஒராள் பாட கூட்டம் திருப்பிப் பாடுற பழைய முறையில இருந்து வந்த பேர்.

நான் நேரில கேட்டது சூர் அன்சீஸ், லா வில்லெத் பூங்காவில இருக்கிற சிதே த லா ம்யூசிக்கில. ரெக்கார்டிங்கில எது எந்தப் பியானோ எண்டு பிடிக்கேலாது. நேரில பாத்தா ஒரு பியானோ அடிச்ச ஸ்வரம் அடங்க முதல் மற்றப் பியானோ அதை எடுக்கும், ஹார்ப் அதின்ர நிழலைப் பிடிக்கும், பிறகு வைப்ரஃபோன் அதை நீட்டி வைக்கும். ஒரே பியானோவை மூண்டு கண்ணாடிக்கு நடுவில வைச்ச மாதிரி. ஒண்டையும் இழுத்து வாசிக்கேலாத வாத்தியங்கள் எல்லாம், வில்லும் இல்லை ஊதலும் இல்லை, அடிச்சாலும் மீட்டினாலும் சாகத் தொடங்கிற சத்தம்தான். அந்தச் சாகிற சத்தத்தை வைச்சே நாப்பது நிமிசம். முடிஞ்சு கடைசிச் சத்தம் போகும்வரைக்கும் ஒருதரும் அசையேல்ல, எனக்குக் கண் கலங்கிப் போச்சு, ஏன் எண்டு இண்டைக்கும் சொல்லத் தெரியேல்ல.

பக்கத்திலேயே ஃபில்ஹார்மோனி, 2400 இருக்கை, அவர் கன காலமாக் கேட்டுக்கொண்டிருந்த மண்டபம். 2015 ஜனவரியில திறக்கேக்க அவருக்குச் சுகமில்லை, வரேல்ல. அடுத்த வருசம் ஜனவரி 5 பாடன்-பாடனில காலமானார். இப்ப அந்தப் பெரிய மண்டபத்துக்கு அவற்ற பேர்தான்.


சாயங்கால_ரேடியோ:

எல்லாருக்கும் மனசார நன்றி. ஒரு வாரமா இதே வேலைதான். நோத்தாஸியோன் பியானோ வடிவம் ஒவ்வொரு ராத்திரியும் கேட்டேன், இப்ப சிலது அப்படியே மனசுல ஓடுது. ஆர்கெஸ்ட்ரா ரெண்டாவது பீஸ் கேட்டப்ப நடுநிசி ப்ரோ சொன்ன மாதிரியே சிலிர்த்துச்சு. ரித்யுவெல் இன்னும் முழுசா பிடிபடல, ஆனா அந்த ஓபோ தனியா வர்ற இடம் நெஞ்சுல நிக்குது. பாரிஸ் அண்ணா சொன்ன அந்த அடங்கற சத்தத்தை மனசுல வெச்சுக்கிட்டு சூர் அன்சீஸ் கேட்டேன், முதல் தடவையா எங்க போறோம்னு தெரியாமலே பயமில்லாம கூடப் போக முடிஞ்சுது. சிவா அண்ணா எழுதினதும் மனசுல இருக்கு, லாந்தோவ்ஸ்கி இசையும் தேடிக் கேக்கறேன்.

கமலா அக்கா, மார்த்தோ பத்தி அப்புறம் சொல்றேன்னு சொன்னீங்களே. நேத்து போட்டேன், ஏதோ தீவு இசை மாதிரி இருந்துச்சு, அது ஏன்?


கமலா_வயலின்:

உங்க காது சரியா சொல்லுது தம்பி. சைலோரிம்பாங்கற மரப்பட்டை வாத்தியம் ஆப்பிரிக்க பலஃபோன் வாத்தியம் பக்கம், வைப்ரஃபோன் பாலி தீவு கமலான் இசை பக்கம், கிடார் ஜப்பான்ல மீட்டற கோட்டோ பக்கம்னு அவரே சொல்லியிருக்காரு, அந்த இசையை அப்படியே எடுக்கல, சத்தத்தோட நிறத்தை மட்டும் எடுத்துக்கிட்டாரு. பாடறவங்க ஒருத்தர், கூட ஆறு பேரு, பேஸ் வாத்தியமே இல்ல, அதான் மிதக்கற மாதிரி இருக்கு.

கேக்கறப்ப ஒரு சங்கிலியைப் பிடிச்சுக்கோங்க. பாடறவங்களுக்கும் ஆல்ட்டோ ஃப்ளூட்டுக்கும் பொதுவா இருக்கறது மூச்சு. ஃப்ளூட்டும் வயோலாவும் ஒரே நேரத்துல ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். வயோலாவை விரலால மீட்டினா கிடார் கிட்ட வரும். கிடார் தந்தி அதிர்றது வைப்ரஃபோன் அதிர்றதுக்குப் பக்கம். வைப்ரஃபோனை அதிர விடாம அடிச்சா சைலோரிம்பா. ஒரு மனுஷக் குரல்லேருந்து மரக்கட்டை வரைக்கும் படிப்படியா இறங்கிப் போகலாம். மூணாவது பகுதில குரலும் ஃப்ளூட்டும் மட்டும்தான் வரும், அங்கேருந்து ஆரம்பிங்க.

அப்புறம் நேரா கடைசிப் பகுதி, ஒன்பதாவது. அங்க பாடிக்கிட்டே இருக்கறவங்க ஒரு இடத்துல கவிதையை விட்டுட்டு வாயை மூடிக்கிட்டு வெறும் முனகலா மாறுவாங்க, மத்த வாத்தியங்களோட அந்தக் குரலும் ஒண்ணாக் கலந்துடும். அதுக்கப்புறம் ஃப்ளூட் மேல வரும், பின்னாடி காங்கும் டாம்-டாம்ங்கற இன்னொரு வகை காங்கும் மட்டும். அந்த இடத்தை இன்னிக்கு ராத்திரி கேட்டுட்டு வந்து எழுதுங்க.